செல்வி பெயரில் வந்த ஸ்லைடு

நித்யா,

அன்புள்ள மகளே என்று தொடங்குவதுதான் வழக்கம். அன்பு இல்லாமலா இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்? ஆனால் அந்தச் சொல்லை எழுதப் போனால் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. வகுப்பில் இருக்கிறேன் என்று ஒரு மெசேஜ், கல்யாண வேலையாக இருக்கிறேன் என்று இன்னொரு மெசேஜ். ஞாயிற்றுக்கிழமையுமா உன் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடத்துகிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வி என்ற பெயரில் மயிலாடுதுறையிலிருந்து என் லேபுக்கு வந்த பாப் ஸ்மியர் ஸ்லைடு உன்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் பெயரைப் போட்டு, உன் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை உன் அம்மாவுக்கே அனுப்பியிருக்கிறாய். "கொஞ்சம் பதமா எழுது, பயந்து போயிருக்கா" என்று உன் அப்பா பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போகிறார். பதமாக எழுத மாட்டேன். பதமாகப் பேசுவதற்கு அவர் இருக்கிறார்.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் நீ செய்தது உனக்கு உறைக்கும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து கிளினிக்குகளிலிருந்து ஸ்லைடுகள் பஸ்ஸில் பார்சலாக இங்கே தஞ்சாவூருக்கு எனக்கு வருவது நீ பாவாடை கட்டிய காலத்திலிருந்து நடப்பது. கார்த்திகையில் ஒரு நாள் மதியம் வந்த பெட்டியில் அந்த ஸ்லைடு இருந்தது. செல்வி, வயது முப்பத்தாறு, ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் நல்ல செல்கள்தான். அகலமாக, தட்டையாக, நடுவில் சின்னதாக ஓர் உட்கரு. ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஓர் இடத்தில் சின்னச் சின்னச் செல்கள் கூட்டமாக நின்றன. செல் சின்னது, உட்கரு பெரியது, சுற்றிலும் மற்றதற்கு இடமே இல்லை. உட்கருவின் உறை வழவழப்பாக இருக்க வேண்டியது, அங்கங்கே மடங்கிச் சுருங்கியிருந்தது. உள்ளே மரபுப் பொருளான குரோமாட்டின் நைஸாகப் பரவி இருக்க வேண்டியது, சரியாகக் கரையாத கேழ்வரகு மாவு போல் கட்டி கட்டியாக, கருப்பாக இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. தீவிர மாற்றம் என்று எழுதினேன். புற்றுநோய் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் அங்கே போய் நிற்கக் கூடியது.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் எனக்கு வயிறு எரிகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீசியன் பெண்ணைக் கூப்பிட்டேன். "இங்க வா, புஸ்தகத்துல இருக்கற மாதிரி அப்படியே இருக்கு, பாத்துக்க" என்றேன். அவள் பார்த்தாள். பயிற்சிக்கு வந்திருந்த மாணவிகளையும் கூப்பிட்டு வரிசையாகப் பார்க்க வைத்தேன். இந்த மாதிரி தெளிவான ஸ்லைடு எப்போதாவதுதான் கிடைக்கும் என்று பெருமையாக வேறு சொன்னேன். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நன்றாக விழுந்த படத்தை லேப் கம்ப்யூட்டரில் பாடத்துக்கு என்று சேர்த்து வைத்தார்கள். என் வயிற்றில் பிறந்த பெண்ணின் உடம்புக்குள் நடக்கும் கேட்டைப் பத்துப் பேரைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டியிருக்கிறேன், நித்யா. அப்படி என்னைச் செய்ய வைத்தது நீ.

மோசமான ஸ்லைடு வந்தால் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். நடவு இருக்கிறது, அறுப்பு இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது என்று நம் பக்கத்துப் பெண்கள் திரும்பி வரவே மாட்டார்கள். அதனால் நானே போன் செய்து கூப்பிடுவேன். கிளினிக்கில் ரிப்போர்ட்டை நீ கைப்பற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்திருக்கிறாய், அம்மாவின் இந்தப் பழக்கம் மட்டும் உன் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்த பெண், "நான் எந்த டெஸ்ட்டும் எடுக்கலீங்களே" என்றாள். பயத்தில் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். எத்தனை பெண்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்னிடம். "ஏம்மா, எங்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? உன் உடம்பும்மா அது. இப்ப வந்தா சரி பண்ணிடலாம், நாளைக்கு அழுது பிரயோஜனம் இல்ல" என்று நன்றாகத் திட்டினேன். அவர்கள் வீட்டுக்கு ஒரே போன். பக்கத்தில் அவள் கணவர் இருந்திருக்கிறார். அடுத்த முறை நான் கூப்பிட்டபோது அவர்தான் எடுத்தார். "எந்த ஆஸ்பத்திரிங்க? எப்ப வந்தா? யாரோட வந்தா?" என்று கேட்டார். இரண்டு பேரும் தஞ்சாவூருக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வந்தார்கள். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அழுது அழுது வீங்கிக் கிடந்தது. கணவர் அவளோடு பேசவில்லை. பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம். பக்கத்து கிளினிக் டாக்டரை வைத்து அவளுக்குப் புதிதாக ஸ்மியர் எடுத்தோம். அதை நானே பார்த்தேன். ஒரு மூலை விடாமல் பார்த்தேன். உறை வழவழப்பாக, குரோமாட்டின் நைஸாக, ஒரு குறை சொல்ல முடியாத உட்கருக்கள். அப்போது எனக்கு வேறு பயம் வந்தது. ஸ்லைடு மாறிவிட்டதோ, என் லேபில் யாரோ லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்களோ என்று அந்த டெக்னீசியன் பெண்ணைப் பிடித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவளும் அழுதாள். உன்னால் அன்றைக்கு என் லேபில் அழுதவர்கள் இரண்டு பேர்.

பிறகு செல்வியைத் தனியாக உட்கார வைத்து, மயிலாடுதுறையில் எந்த டாக்டரிடமாவது போனாயா என்று நிதானமாகக் கேட்டேன். இல்லை என்றாள். உன் நம்பர் வேறு யாருக்குத் தெரியும் என்றேன். "நான் வேலை பாக்கற வீட்டு டீச்சருக்குத் தெரியும்மா. ரெண்டு மாசமாத்தான் அங்க போறேன். அவங்களும் உங்கள மாதிரிதான், சட்டுனு கோவம் வந்துடும், ஆனா நல்லவங்க. நித்யா டீச்சர்னு, ஜுவாலஜி எடுக்கறாங்க" என்றாள். நல்லவங்க என்று சொன்னாள் நித்யா, அந்த அழுத முகத்தோடு. நான் எழுந்து போய் அந்த ஸ்லைடை அனுப்பிய மயிலாடுதுறை கிளினிக் டாக்டருக்குப் போன் செய்தேன். உன் பேரைச் சொல்லிக் கேட்டதும் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். "உங்க பொண்ணு ரொம்பக் கெஞ்சினாங்க மேடம், அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு" என்றார். அவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். வேறு பெயரில் ஒரு நோயாளியைப் பதிவு செய்கிறவர் எப்படி டாக்டராக இருக்க முடியும் என்று கேட்டேன்.

உன் கணவரைப் பிடித்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அத்தை, என் தங்கச்சி கல்யாணம் தையில முடிஞ்சுடட்டும்னு நித்யாதான் சொன்னா. இந்த வியாதி எப்படி வருதுன்னு வீட்டுல பேச்சு வந்துடும், எங்க அம்மா ஒரு மாதிரி, உங்களுக்கே தெரியும். இப்ப அவளுக்கு வலி கிலி ஒண்ணும் இல்ல அத்தை. சும்மாதான் இருக்கு" என்றார். மாப்பிள்ளை என்று மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவர் அதைப் படித்தவரில்லை, விட்டுவிடலாம். ஆனால் சும்மா இருக்கிறது என்ற வார்த்தை அவருடையது இல்லை. நீ சொல்லிக் கொடுத்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது சனிக்கிழமைகளில் லேபுக்கு என்னோடு வருவாய். முட்டிபோட்டு ஸ்டூலில் ஏறி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, "இது என்னம்மா பண்ணுது?" என்று கேட்பாய். அப்போது லேபில் இருந்த ஒருவர், "அது பிரியலம்மா, சும்மா இருக்கு" என்றார். நான் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உனக்குச் சொன்னேன். ஒரு செல் இரண்டாகப் பிரிவது பார்க்க ஜோராக இருக்கும், குரோமோசோம்கள் வரிசையில் நிற்கும், இரண்டு பக்கமும் இழுபடும், எல்லாரும் அதைத்தான் படம் போடுவார்கள். ஆனால் அது கொஞ்ச நேரத்துக் கூத்து. ஒரு செல் தன் ஆயுளில் பெரும்பாலும் இரண்டு பிளவுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓர் உருண்டை. உள்ளே அப்போதுதான் அத்தனை வேலையும் நடக்கிறது. எந்தப் பகுதியைத் திறப்பது, எதை மூடி வைப்பது, எதை எழுதி அனுப்புவது, அடுத்த பிளவுக்காக மொத்தத்தையும் ஒரு பிரதி எடுப்பது, தப்பாக எடுத்ததைத் திருத்துவது. கெட்டுப் போவதும் அங்கேதான் தொடங்கும். நான் முப்பது வருஷமாகப் பார்ப்பது அந்த உருண்டையைத்தான். பிரிந்துகொண்டிருக்கும் செல் என் கண்ணில் படுவதே அபூர்வம். அதன் உறையையும் குரோமாட்டினையும் பார்த்துத்தான் இந்தப் பெண் வீட்டுக்குப் போகலாம், இந்தப் பெண் திரும்ப வர வேண்டும் என்று எழுதுகிறேன். இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப அது தூங்கலையாம்மா" என்றாய் நீ. பழைய புத்தகங்களில் அதற்கு ஓய்வு நிலை என்று பெயர் போட்டிருந்தார்கள் என்று சொன்னதும், எழுதியவன் முட்டாள் என்று நீ சொன்னாய். இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே பாடம் எடுக்கும் நீ, உன் உடம்பில் இருப்பதைச் சும்மா இருக்கிறது என்கிறாய். வலி இல்லையாம். வலி வருகிற வரைக்கும் காத்திருந்தவர்களின் ஸ்லைடுகள் என் அலமாரியில் இருக்கின்றன, வந்து பார்.

உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? பட்டுக்கோட்டைச் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு உடம்பு கொதிக்கக் கொதிக்க வந்தாய். எல்லாரும் ஜாலியாக இருக்கும்போது நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறினாய். மறுநாள் டைபாய்டு என்றார்கள். ஊரே உன்னை மெச்சியது, எவ்வளவு பொறுப்பான பெண் என்று. எனக்கு அன்றைக்கே உன்னை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்தவர் வீட்டு விசேஷம் கெடக் கூடாது என்று தன் உடம்பைக் கெடுத்துக்கொள்வதற்கு நம் ஊரில் நல்ல பெண் என்று பெயர். அந்தப் பெயர் உனக்கு எதற்கு? உன் மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்கு அந்தப் பெயர் சோறு போடுமா?

உன் கணவர் இன்னொன்றும் சொன்னார். "உங்க கோபத்துக்குப் பயந்துதான் அத்தை உங்ககிட்ட சொல்லல" என்றார். கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்தேன். உன் அப்பாவிடமும் கேட்டேன், அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார், ஆமாம் என்று அர்த்தம். இருக்கட்டும். நான் கோபக்காரிதான். ஆனால் அந்தக் காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குப் பயந்தவள் ஸ்லைடை சென்னைக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். திருச்சிக்கு அனுப்பியிருக்கலாம். அந்த டாக்டர் கேட்டும் இருக்கிறார், வேறு லேபுக்கு அனுப்பட்டுமா என்று. வேண்டாம், அம்மாதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். இதையும் அந்த டாக்டர்தான் சொன்னார். என் கண்ணை நம்பியிருக்கிறாய், என்னை நம்பவில்லை. பெற்றவளைக் கருவி மாதிரி பயன்படுத்தியிருக்கிறாய். இதை நினைத்தால் அழுகை வருகிறது, அழுதால் கோபம் இன்னும் அதிகமாகிறது.

அதைவிடப் பெரியது செல்வி. உன் நோயை மறைக்க உனக்குக் கிடைத்த பெயர் அதுதானா? உன் பெயரையே மாற்றி மாலதி என்றோ கோமதி என்றோ எதையாவது எழுதியிருக்கலாமே, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் பெயரையும் போன் நம்பரையும் ஏன் எழுதினாய்? அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாய், அதுதானே? யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள், அவளுக்கு என்ன மானம், என்ன பேச்சு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணை வீட்டில் என் அம்மா பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவள் முந்தானை முடிச்சைத்தான் அவிழ்க்கச் சொல்வார்கள். அந்த வீட்டுக் குற்றம் எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அவள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வீட்டு எஜமானியின் காரியத்தை என் மகள் செய்வாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் நாக்கை அறுத்திருப்பேன்.

உன் மாமியார் என்ன சொல்வார் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இதற்குக் காரணமான வைரஸ் தாம்பத்தியத்தில் தொற்றுவது, அதை யாராவது பாதி கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். கல்யாணமான பெண்கள் எத்தனையோ பேருக்கு இது வருகிறது, பெரும்பாலும் தானாகவே போகிறது. சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது, உனக்குத் தங்கிவிட்டது. இதில் நடத்தை எங்கே வந்தது? கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று நீ அழுதாயாம். யார் சொன்னது? லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து அனுப்புவார்கள். ரிசல்ட் நான் நினைப்பதுபோல் இருந்தால் கர்ப்பப்பை வாயில் அந்த இடத்தை மட்டும் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்றாலும் பெற்றுக்கொள்ளலாம். இதை ஒரு போனில் என்னிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். தை வரைக்கும், பிறகு மறுவீடு, பிறகு மாசி மகம், பிறகு பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு என்று நீ தள்ளிக்கொண்டே போவாய். உன்னை எனக்குத் தெரியும்.

இனி நீ தள்ள முடியாதபடி ஒன்று செய்துவிட்டேன். அன்றைக்குச் செல்வியும் அவள் கணவரும் கிளம்பும்போது, உங்கள் மனைவிக்கு ஒன்றும் இல்லை, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அப்புறம் எப்படிங்க பேரும் நம்பரும் வந்துச்சு? ஒண்ணு நீங்க பொய் சொல்றீங்க, இல்ல இவ பொய் சொல்றா" என்றார். செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லேபில் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதையும் நம்பப் போவதில்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. "அது என் மகளோட ஸ்லைடுங்க. உங்க மனைவி வேலை பாக்கற வீட்டு நித்யா டீச்சர் என் மகதான். வெக்கப்பட்டுக்கிட்டு இவங்க பேரைப் போட்டிருக்கா. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு செல்வியைப் பார்த்தார். "சாப்ட்டியா?" என்று அவளைக் கேட்டார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு டாக்டர் செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன், தெரியும். நோயாளியின் விஷயத்தை வெளியில் சொன்னேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், அந்தப் பெண் கணவரின் அந்தச் சந்தேகத்தோடு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். சொன்னாலும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கோ அடுத்த வாரமோ உன் மாமியார் காதுக்குப் போகலாம், கல்யாண வீட்டில் நாலு பேர் உன்னைத் திரும்பிப் பார்க்கலாம். நீ இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது இனி பொத்த முடியாதது. உன் பயம் நடந்து முடிந்துவிட்டது, நித்யா. இனிமேல் காத்திருந்து நீ காப்பாற்றப் போவது ஒன்றும் இல்லை.

முதலில் செல்வி வீட்டுக்குப் போ. உன் வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டுச் சொல்லாதே, நீ போ, அவள் கணவர் இருக்கும்போது போ. பிறகு செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் தஞ்சாவூருக்கு வா. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், நித்யா என்று உன் பெயரிலேயே. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ இறங்கியதும் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டத்தான் போகிறேன், அதை மாற்றிக்கொள்ள எனக்கு வயதில்லை. திட்டிக்கொண்டேதான் உன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவேன். நீ வா.

அம்மா